பத்தொன்பது ஷாட், ஒரு கோல்கூட இல்லை

கேள்வி:

கும்பகோணத்தில் வேலை முடிந்த பிறகு சாயங்கால வேளையில் பையன்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்து வருகிறேன். பெரும்பாலும் கல்லூரியில் முதலாண்டு, இரண்டாம் ஆண்டு படிப்பவர்கள். எங்கள் ஸ்ட்ரைக்கர் போன வருஷம் நல்ல பேர் எடுத்தவன். காரைக்கால், மன்னார்குடி பக்கத்து அணிகள்கூட அவனைத் தெரிந்து வைத்திருந்தன. இந்த வருஷம் ஆறு ஆட்டம் ஆடிவிட்டான். ஒரு கோல்கூட இல்லை. "அவனுக்குக் கால் போயிடுச்சு சார்" என்று கூட ஆடுகிறவர்களே பேசத் தொடங்கிவிட்டார்கள். எங்களுக்கு ஜெர்சி, பந்து வாங்கித் தரும் பெரியவர் ஒருவரும், அவனை உட்காரவைத்துவிட்டு அடுத்தவனை இறக்கு என்கிறார்.

என் மகள் கல்லூரியில் புள்ளியியல் படிக்கிறாள். டி.வி.யில் மேட்ச் நடக்கும்போது 'எக்ஸ்ஜி' என்று ஒரு கணக்குக் காட்டுகிறார்களே, அதை வைத்துப் பாருங்கள் அப்பா என்றாள். ஆறு ஆட்டத்தையும் ஃபோனில் எடுத்து வைத்திருந்தோம். அவளே உட்கார்ந்து எண்ணினாள். மொத்தம் 19 ஷாட். முதல் மூன்று ஆட்டத்தில் 9. அதில் கோலுக்கு நேரே மிகக் கிட்டத்தில் 3, பாக்ஸுக்குள் நடுவில் 4, பாக்ஸின் ஓரத்திலிருந்து 1, பாக்ஸுக்கு வெளியிலிருந்து 1. அடுத்த மூன்று ஆட்டத்தில் 10. அதில் நடுவில் 1, ஓரத்தில் 2, வெளியிலிருந்து 7. எல்லாமே காலால் அடித்தவை. பெனால்டி எதுவும் இல்லை. இடது விங்கில் ஆடும் பையன் நான்காவது ஆட்டத்திலிருந்து பரீட்சை என்று வரவில்லை, வேறு ஒருவனை வைத்துச் சமாளிக்கிறோம். மற்றபடி அணியில் மாற்றம் இல்லை.

இந்தக் கணக்கை நம்பலாமா? அவனை உட்காரவைக்கலாமா?

- ஒரு பயிற்சியாளர், கும்பகோணம்

பதில்:

உட்காரவைக்காதீர்கள். மற்றதைப் படிக்க நேரமில்லாவிட்டாலும் அடுத்த ஆட்டத்துக்கு முன் உங்களுக்குத் தேவைப்படுவது அதுதான் என்பதால் முதலில் சொல்லிவிட்டேன். அதற்காக, சும்மா விடுங்கள், தானாக வந்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். உங்கள் மகள் எண்ணிக் கொடுத்ததற்குள் வேறொரு சேதி இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன் இந்த எக்ஸ்ஜி என்பது என்ன என்று பார்த்துவிடுவோம். அது தெரியாமல் நம்புவதும் தப்பு, தள்ளுவதும் தப்பு.

உங்கள் பக்கத்தில் கதிர் முற்றி நிற்கிற வயலை வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "மாவுக்குப் பத்து மூட்டை காணும்" என்பார்கள். அறுத்துத் தூற்றிய பிறகு எட்டும் வரலாம், பன்னிரண்டும் வரலாம். கடைசி வாரத்தில் ஒரு மழை அடித்துப் பயிர் சாய்ந்தால் ஆறுகூடத் தேறாது. ஆனாலும் அந்தக் கண்மதிப்பு வாய்க்கு வந்ததைச் சொல்வதில்லை. தூர் எப்படிக் கட்டியிருக்கிறது, கதிர் எவ்வளவு நீளம், பதர் எவ்வளவு, இதே மாதிரி நின்ற வயலில் முன்பெல்லாம் எவ்வளவு கண்டது என்பதெல்லாம் சேர்ந்து வருவது அது. எக்ஸ்ஜி ஒரு ஷாட்டுக்கு அதே வேலையைச் செய்கிறது. பந்து வலைக்குள் போனதா என்று அது பார்ப்பதில்லை. கால் பந்தில் படும் அந்த நொடியில் வயல் எப்படி நின்றது என்று பார்க்கிறது. கோல் எவ்வளவு தூரம், கோல் கம்பங்கள் எவ்வளவு அகலமாகத் தெரிந்தன, அடித்தது காலா தலையா, பந்து கிராஸாக வந்ததா தரையோடு வந்ததா, இதையெல்லாம் வைத்து, இதே மாதிரி இடத்திலிருந்து முன்பு அடித்த ஆயிரக்கணக்கான ஷாட்டுகளில் எத்தனை கோலாயின என்று சொல்கிறது. பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் ஓர் எண் வரும். பெனால்டிக்கு அது 0.76லிருந்து 0.79 வரை. அதாவது நூறு பெனால்டியில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல் கோலாகும். எல்லா ஷாட்டையும் கலந்து பார்த்தால் சுமார் பத்துக்கு ஒன்றுதான் உள்ளே போகும். இதைக் கேட்டதும் பலர் நம்புவதில்லை. நம் ஞாபகத்தில் கோல்தான் நிற்கிறது, வானத்துக்குப் போன ஒன்பது நிற்பதில்லை.

2012இல் ஆப்டா என்ற கால்பந்துத் தரவு நிறுவனத்தில் இருந்த சாம் கிரீன் இங்கிலாந்து பிரீமியர் லீகுக்கு இப்படிக் கணக்குப் போட்டு எழுதினார். 2017 ஆகஸ்டில் பி.பி.சி.யின் 'மேட்ச் ஆஃப் தி டே' இதைத் திரையில் காட்டத் தொடங்கிய பிறகுதான் சாதாரண ரசிகர்கள் வாயில் இந்தச் சொல் புழங்கியது. ஒரே ஷாட்டுக்கு ஒரு நிறுவனம் ஓர் எண்ணும் இன்னொன்று கொஞ்சம் வேறு எண்ணும் தரும். கோல்கீப்பர் எங்கே நின்றார், குறுக்கே எத்தனை டிஃபெண்டர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிற கணக்குகளும் இருக்கின்றன, சேர்க்காதவையும் இருக்கின்றன. ஆகவே தசமப் புள்ளிக்கு அப்பால் இரண்டாவது இலக்கத்தை வைத்து யாரும் சண்டை போடத் தேவையில்லை.

இனி உங்கள் பையன். உங்களிடம் கேமராவும் கம்ப்யூட்டரும் வைத்துப் போட்ட கணக்கு இல்லை, அதனால் தோராய மதிப்புகளை எடுத்துக்கொள்கிறேன். கோலுக்கு நேரே மிகக் கிட்டத்தில் காலால் அடித்ததற்கு 0.35. பாக்ஸுக்குள் நடுவில் 0.15. பாக்ஸின் ஓரத்தில் 0.07. வெளியிலிருந்து 0.03. தொழில்முறை ஆட்டங்களில் பார்ப்பதற்கு ஏறத்தாழப் பொருந்துகிற எண்கள் இவை. உங்கள் ஊர் மைதானத்தின் மேடுபள்ளமும், சில கோல்கீப்பர்களின் அனுபவமின்மையும் இதைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். ஐரோப்பிய ஆட்டக்காரனோடு ஒப்பிடுவதற்கு இதைப் பயன்படுத்தாதீர்கள். போன மாதத்து அவனோடு இந்த மாதத்து அவனை ஒப்பிடுவதற்கு இது போதும்.

கூட்டிப் பார்த்தால் 19 ஷாட்டுக்கும் சேர்த்து 2.25 வருகிறது. சராசரி ஆட்டக்காரன் ஒருவன் இந்த ஷாட்டுகளை அடித்திருந்தால் இரண்டு கோல் போட்டிருப்பான் என்று எதிர்பார்க்கலாம். உங்கள் பையன் போட்டது பூஜ்யம். அப்படியானால் கால் போய்விட்டது என்றுதானே ஆகிறது என்று பெரியவர் கேட்பார். இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். இதே பத்தொன்பது ஷாட்டை இதே இடங்களிலிருந்து பதின்மூன்று சராசரி ஸ்ட்ரைக்கர்கள் தனித்தனியாக அடித்தார்கள் என்று வையுங்கள். அவர்களில் ஒருவருக்கு, எந்தத் தப்பும் செய்யாமலேயே, ஒரு கோலும் விழாது. பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், உங்கள் மகளுக்கு அது ஐந்து நிமிட வேலை. ஒவ்வொரு ஷாட்டும் தவறும் வாய்ப்பை எடுத்து, பத்தொன்பதையும் ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். நான் போட்டதில் 0.077 வந்தது. தஞ்சாவூர் மாவட்டத்தில் எத்தனை அணிகள், எத்தனை ஸ்ட்ரைக்கர்கள்! எந்த மாதத்திலும் அவர்களில் சிலர் இந்த நிலையில்தான் இருப்பார்கள். இந்த மாதம் அது உங்கள் பையன்.

ஐ.எஸ்.எல்.லில் (இந்தியன் சூப்பர் லீக்) சென்னையின் எஃப்.சி.யின் 2019-20 சீசன் நினைவிருக்கிறதா? முதல் நான்கு ஆட்டத்தில் அணிக்கே ஒரு கோல் இல்லை. லிதுவேனியாவிலிருந்து வந்த நெரியுஸ் வால்ஸ்கிஸ்தான் முன்னணியில் ஆடினார். சென்னை ரசிகர்கள் அவரைப் பற்றி அந்த நான்கு ஆட்டங்களில் என்ன முடிவுக்கு வந்திருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஐந்தாவது ஆட்டம் ஹைதராபாதோடு. தொண்ணூறு நிமிஷம் தாண்டிக் கிடைத்த கூடுதல் நேரத்தில் வெற்றி கோலைப் போட்டவர் வால்ஸ்கிஸ். சீசன் முடிவில் அவர் கணக்கில் 15 கோல், கையில் கோல்டன் பூட். கோவா ஃபட்டோர்டாவில் கொரோனா பயத்தால் ஆளில்லாமல் நடந்த 2020 மார்ச் 14 இறுதிப் போட்டியில் ஏ.டி.கே.யிடம் 3-1 என்று தோற்றார்கள், அந்த ஒரு கோலும் அவருடையதுதான். நடுவில் பயிற்சியாளர் ஜான் கிரெகரி போய் ஓவன் காய்ல் வந்தார், ஆட்டமுறையும் மாறியது. ஆகவே எல்லாம் அதிர்ஷ்டம் திரும்பியதால் வந்தது என்று சொல்ல முடியாது. நான்கு ஆட்டத்துப் பூஜ்யம் ஒருவரைப் பற்றி எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பதற்கு மட்டும் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

லாலியன்சுவாலா சாங்தே விஷயம் இன்னும் கிட்டத்தில் வருகிறது. மிசோரம் பையன், சென்னையில் ஆடியபோது ஓட்டத்தில் யாரும் பிடிக்க முடியாது. 2019-20இல் நன்றாகக் கோல் போட்டார். அடுத்த சீசனில் வாய்ப்புகள் வந்தும் தவறிக்கொண்டே இருந்தன. அந்த 2020-21இல் அணி மொத்தமாகவே 20 ஆட்டத்தில் 17 கோல்தான் போட்டது, 11 ஆட்டம் டிரா. டிராவான ஆட்டங்களில் பாதியில் இன்னும் ஒரு கோல் விழுந்திருந்தால் பட்டியலில் எங்கே இருந்திருப்பார்கள் என்று இன்றைக்கும் மனம் கணக்குப் போடுகிறது. சாங்தேவைத் திட்டாத சென்னை ரசிகர் குறைவு. 2022 ஜனவரியில் மும்பை சிட்டிக்குப் போனார். 2022-23 சீசனில் 10 கோல், லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது. தவறவிடுகிறவனைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, தவறவிடுவதற்காவது அவன் சரியான இடத்தில் இருக்கிறானா என்பது. கோல்முனையில் பந்து வரும் இடத்தை மோப்பம் பிடித்து அங்கே போய் நிற்கத் தெரிந்தவன் இன்று தவறவிட்டாலும் நாளைக்கு மறுபடி அங்கே நிற்பான். அந்த மோப்பத்தைச் சொல்லிக்கொடுப்பது கஷ்டம். சுனில் சேத்ரி 40 வயதில், 2024-25 ஐ.எஸ்.எல்.லில், 14 கோல் போட்டதற்கும் அதுதான் அடிப்படை. வேகம் வயதோடு குறையும். எங்கே நிற்க வேண்டும் என்ற அறிவு குறைவதில்லை.

தன் ஷாட்டுகளின் மதிப்பைவிட அதிகமாகக் கோல் போடுகிறவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். மெஸ்ஸி, ஹாரி கேன், சோன் ஹியுங்-மின் ஆகியோர் வருஷக்கணக்கில் அப்படிப் போட்டுக் காட்டியவர்கள். ஆனால் அதை நிரூபிக்க நூற்றுக்கணக்கான ஷாட் வேண்டும். பத்தொன்பதை வைத்து ஒருவனை மெஸ்ஸி என்றும் சொல்ல முடியாது, கால் போனவன் என்றும் சொல்ல முடியாது. போன வருஷம் அவன் நல்ல பேர் எடுத்தான் என்றீர்களே, அந்தக் கோல்களில் பெனால்டி எத்தனை, காலி வலையில் தட்டிவிட்டவை எத்தனை என்று யாரும் குறித்து வைத்திருக்க மாட்டீர்கள். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நம் நாட்டில் பெரிய லீகுகளுக்கே வெகுகாலம் அதுதான் கதி. 1997-98 தேசிய கால்பந்து லீகில் எஃப்.சி. கொச்சினுக்கு ஆடி 10 கோலோடு முதலிடத்தில் வந்தவர் நம் தமிழ்நாட்டு ராமன் விஜயன். அந்தப் பத்து நமக்குத் தெரியும். எங்கேயிருந்து, எத்தனை முயற்சியில் அவற்றைப் போட்டார், அவருக்கு யார் யார் பந்து கொடுத்தார்கள் என்று ஷாட் ஷாட்டாக எழுதி வைத்திருந்தால் இன்றைக்கு உங்கள் பையனுக்கு அது ஒரு பாடப்புத்தகம். எனக்கு இதில் இன்னும் ஆற்றாமை உண்டு.

இந்தக் கணக்கு ஏமாற்றுகிற இடம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1950 மார்ச் 18 அன்று ஸ்விண்டன் ஊரில் நடந்த ஓர் ஆட்டத்தில் சார்லஸ் ரீப் என்ற இங்கிலாந்து விமானப்படைக் கணக்கு அதிகாரி பென்சிலை எடுத்து ஒவ்வொரு பாஸையும் குறிக்கத் தொடங்கினார். பல வருஷம் விடாமல் குறித்தார். பெரும்பாலான கோல்கள் மூன்று பாஸுக்குள் முடிந்த ஆட்டங்களிலிருந்து வந்தன என்று கண்டு, அப்படியானால் பந்தை நீளமாக அடித்து முன்னே அனுப்புவதே நல்லது என்று முடிவுக்கு வந்தார். அவர் எண்ணியதில் தப்பில்லை. ஆனால் கோலாகாமல் போனவற்றிலும் பெரும்பாலானவை மூன்று பாஸுக்குள் முடிந்தவைதான். அந்தப் பக்கத்தைச் சரியாக எடைபோடாததால் முடிவு கோணலாயிற்று. எக்ஸ்ஜியும் ஷாட்டை மட்டும்தான் பார்க்கிறது. கோல் முகத்தைக் குறுக்காகக் கடந்து போன கிராஸ், விரல்கடை தூரத்தில் உங்கள் பையன் காலுக்கு எட்டாமல் போனால் அது கணக்கிலேயே வராது. தானே அடிக்காமல் பக்கத்தில் நின்றவனுக்குத் தட்டிவிட்டதும் அவன் ஷாட் கணக்கில் வராது. இரண்டு டிஃபெண்டர்களைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய் மற்றவனுக்கு வழி விட்டதும் வராது. அதனால் உங்கள் மகள் நோட்டில் இன்னொரு பத்தி போடட்டும். பாக்ஸுக்குள் அவன் பந்தைத் தொட்டது எத்தனை தடவை, தொடாமல் தப்பிப்போன நல்ல பந்து எத்தனை என்று அதில் குறிக்கட்டும். ஷாட்டைக் குறிப்பதைவிட இது கடினம். வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டியிருக்கும். ஆனால் ஸ்ட்ரைக்கரின் உண்மையான ஃபார்ம் பெரும்பகுதி அங்கேதான் தெரிகிறது.

இப்போது அந்தச் சேதிக்கு வருகிறேன். மொத்தத்தை விட்டுவிட்டு, இரண்டு பாதியாகப் பாருங்கள். முதல் மூன்று ஆட்டத்தில் ஒன்பது ஷாட், மதிப்பு 1.75. அடுத்த மூன்றில் பத்து ஷாட், மதிப்பு வெறும் 0.50. ஷாட் ஒன்று கூடியிருக்கிறது, மதிப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருக்கிறது. மைதானத்தில் நின்று பார்ப்பவருக்கு இது தெரியாது. அவன் இன்னும் அடித்துக்கொண்டேதான் இருக்கிறான், வலையில்தான் விழவில்லை என்றுதான் தோன்றும். ஆனால் கடைசி மூன்று ஆட்டத்தில் அவன் இடத்தில் யார் ஆடியிருந்தாலும், அந்தப் பத்து ஷாட்டை வைத்துக்கொண்டு பத்துக்கு ஆறு தடவை கோல் போட்டிருக்க முடியாது. பெரியவர் இறக்கச் சொல்லும் அடுத்த பையனும் அதே வெளிப்பந்துகளைத்தான் அடித்துக்கொண்டிருப்பான்.

ஏன் இப்படி ஆயிற்று? உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது, நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான்காவது ஆட்டத்திலிருந்து இடது விங் பையன் இல்லை. முதல் மூன்று ஆட்டத்தில் கோலுக்கு நேரே கிட்டத்தில் கிடைத்த அந்த மூன்று ஷாட்டுக்கும் பந்து எங்கேயிருந்து வந்தது என்று வீடியோவைப் பாருங்கள். இடது ஓரத்திலிருந்து கோடு வரைக்கும் போய்த் திருப்பிக் கொடுத்த பந்தாக இருக்கும் என்று நினைக்கிறேன். அது நின்றுபோனதும் உங்கள் ஸ்ட்ரைக்கருக்குப் பந்து வரவில்லை. முதல் மூன்று ஆட்டத்தில் தவறவிட்ட வெட்கம் வேறு மனதில் இருக்கிறது. பந்தைத் தேடி நடுமைதானம் வரைக்கும் இறங்கி வருகிறான், கிடைத்ததும் முப்பது கெஜத்திலிருந்து ஓங்கி அடிக்கிறான். அவன் வயதில் யாரும் அதைத்தான் செய்வார்கள். இது கால் சம்பந்தப்பட்ட பிரச்சினை இல்லை. வாய்க்காலில் தண்ணீர் வராத வயலில் பயிர் வாடுகிறது.

என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பல வருஷத்துக்கு முன் நான் பயிற்சி கொடுத்த அணியில் ஐந்து ஆட்டம் கோல் இல்லாத ஒரு பையனை உட்காரவைத்தேன். அப்போது நான் எண்ணியது கோலை மட்டும்தான். அவன் பெஞ்சில் இரண்டு ஆட்டம் உட்கார்ந்தான், மூன்றாவது ஆட்டத்துக்கு வரவில்லை. அப்புறம் மைதானத்துக்கே வரவில்லை. வெகுநாள் கழித்து ஸ்கோர் புத்தகத்தின் ஓரத்தில் நானே கிறுக்கி வைத்திருந்ததைப் பார்த்தேன். அந்த ஐந்து ஆட்டத்தில் அவன் அடித்தது இரண்டு தடவை கம்பத்தில் பட்டிருக்கிறது, கோல்கோட்டில் ஒன்றை டிஃபெண்டர் தடுத்திருக்கிறார். நானே எழுதியதை நானே படிக்காமல் அவனை உட்காரவைத்திருக்கிறேன். அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு முதல் வரியிலேயே பதில் சொன்னேன்.

அடுத்த ஆட்டத்தில் அவனை முதல் பதினொன்றில் இறக்குங்கள். முதல் அரை மணி நேரம் பாக்ஸுக்கு வெளியிலிருந்து அடிக்க வேண்டாம், கோல்முகத்தை விட்டு இறங்கி வர வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். கோலைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். விங்கில் இப்போது ஆடுகிறவன் வலதுகாலனாக இருந்தால் உள்ளே வெட்டிக்கொண்டு வந்து தானே அடிக்கப் பார்ப்பான், கோடு வரை போக மாட்டான். அணியில் இடதுகாலில் ஓரளவு கிராஸ் போடத் தெரிந்தவன் ஒருவன் இருந்தால், அவன் டிஃபெண்டராகவே இருந்தாலும், ஒரு ஆட்டத்துக்கு முன்னே அனுப்பிப் பாருங்கள். பெரியவரிடம் 1.75, 0.50 என்ற இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். வயலோடு பழகியவராக இருந்தால் உடனே பிடித்துக்கொள்வார்.

உங்கள் மகளுக்கு ஒன்று. ஸ்டாட்ஸ்பாம்ப் என்ற நிறுவனம் 2021-22 ஐ.எஸ்.எல். சீசனின் தரவை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாகப் போட்டிருக்கிறது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் எக்ஸ்ஜி மதிப்பும், அந்த நேரத்தில் டிஃபெண்டர்களும் கோல்கீப்பரும் நின்ற இடமும் அதில் உண்டு. ஹைதராபாதின் ஒக்பெச்சே 18 கோல் போட்ட சீசன் அது. அவருடைய ஷாட்டுகளை மட்டும் பிரித்து மைதானப் படத்தில் புள்ளி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு உங்கள் பையனின் பத்தொன்பது புள்ளியையும் அதே மாதிரி ஒரு தாளில் வைத்து, இரண்டையும் அவன் கையில் கொடுங்கள். நாம் வாயால் சொல்வதைவிட அவன் கண்ணால் பார்ப்பது நல்லது.

இன்னும் நான்கு ஆட்டம் முடிந்ததும் நோட்டை எனக்கு அனுப்புங்கள். ஒன்று கேட்க வேண்டும்: இடது விங் பையனுக்குப் பரீட்சை எந்தத் தேதியில் முடிகிறது?